நீலமும் சவர்க்காரமும்: பெயர்வழி ஒரு பொருள் வரலாறு

ஒரு சொல் பல பொருள் குறித்து நிற்றலைப் பலபொருள் ஒருசொல் என இலக்கண நூலார் கூறுவர். செய்யுளில் இந்நிலை இன்பம் பயக்கும்; சிலேடைக்கு அதுவே முதல். கைத்தொழிலிலோ அது பொருள் இழப்புக்கும், சிற்சில வேளைகளில் உடல் ஊறுபாட்டுக்கும் வாயிலாகும். நிகண்டு கற்பார் இவ்வுண்மையை ஏட்டளவில் அறிவர். தொழில் செய்வார் கைப்பொருள் இழந்து அறிவர். நீலம் என்னும் சொல்லையும் அதனைச் சார்ந்த பெயர்களையும் இந்நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து. ஆராய்ச்சிக் களமாகச் சவர்க்காரத்தைக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. நீலம் என ஒரு பெயரால் வழங்கும் பொருள்கள் பலவற்றையும் ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் உரைகல் சவர்க்காரத்திலுள்ள காரமேயாகும். பெயர் ஒன்றாக்கியவற்றைக் காரம் வேறாக்குகின்றது.

சாத்தூர் வைப்பாற்றங்கரையில் அமைந்த ஊர். 1910ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்திலும், அதன்பின் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்திலும் அடங்கியது. கரிசல் நிலம், வானம் பார்த்த வேளாண்மை. தீப்பெட்டியும், பேனா முள்ளும், காரச்சேவும் இவ்வூர்ப் பெயரை வெளியூர்க்கு எடுத்துச் சென்றன. வடக்கே விருதுநகர் எண்ணெய் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. மேற்கே சிவகாசி வெடிக்கும் அச்சுக்கும் பெயர் பெற்றது. விருதுநகருக்கு அணித்தாக உள்ள தே. கல்லுப்பட்டியில், கிராமப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்தார். 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். 1957இல் அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணையம், வேம்பு, புங்கு, இலுப்பை போன்ற உண்ணா எண்ணெய்களினின்று சவர்க்காரம் செய்தலைத் தான் பேணும் தொழில்களுள் ஒன்றாகக் கொண்டது. ஆகவே, கையாற் செய்யும் சவர்க்காரம் இன்று புதிதாகத் தோன்றிய நாகரிகம் எனல் பொருந்தாது. புதியது, அதற்கு நிறமூட்ட வேண்டும் என்னும் விருப்பமே. மஞ்சளுக்கு மஞ்சளும், பச்சைக்கு வேப்பிலையும், செம்மைக்குக் காவிமண்ணும் எளிதிற் கிடைத்தலால், செய்வோர் அவற்றில் இடர்ப்படுவதில்லை. இடர் நேர்வது நீலத்திலேயாம்.

முதற்கண் சவர்க்காரம் என்னும் சொல்லை நோக்குவோம். இலங்கைத் தமிழர் இன்றும் இயல்பாக வழங்கும் இச்சொல், தமிழகத்தில் சோப்பு என்னும் ஆங்கில வழிச் சொல்லுக்கு இடம் விட்டு ஒதுங்கியது. சவர் என்பது உவர். காரம் என்பது வெளிப்படை. இவ்வாறு பிரித்துக் காணுங்கால், பொருளின் இயல்பைத் தன்னகத்தே கொண்ட சொல் இது என்பது விளங்கும். போர்த்துகீசியரின் சபாவோ, அரபியரின் சாபூன், இந்தியிலுள்ள சாபுன் ஆகியன எல்லாம் இலத்தீன் மொழியின் சாபோ என்பதனோடு உறவுடையன. அச்சொல்லைக் குறிப்பிடும் பிளினி என்னும் உரோமப் பேரறிஞர், கொழுப்பும் சாம்பலும் கூட்டிச் செய்த அப்பொருளைக் கால் நாட்டார் தலைமயிரைச் செந்நிறமாக்கப் பயன்படுத்தினர் என எழுதியுள்ளார். அழுக்கு நீக்கும் பொருளின் பெயர், ஏட்டில் முதன்முதல் நிறமூட்டும் பொருளின் பெயராகக் காணப்படுதல் வியப்பன்றோ?

இனி, நீலம். சங்க நூல்களில் இச்சொல் ஒரு நீர்ப்பூவையும், ஒரு மணியையும், இருண்ட நிறத்தையும் குறித்து வழங்குகின்றது. வான்நிறமும் மைந்நிறமும் அக்காலத்துச் சொல்லாட்சியில் கூர்மையாகப் பிரிக்கப்படவில்லை. திருமாலைக் கருநிறத்தன் எனவும், நீலநிறத்தன் எனவும், பச்சை நிறத்தன் எனவும் கூறும் மரபு பிற்காலத்தும் தொடர்ந்தது. 1969இல் பெர்லின், கே என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட நிறப்பெயர் ஆராய்ச்சி, உலக மொழிகள் பலவற்றில் நீலத்துக்குத் தனிப்பெயர் பிந்தியே தோன்றியது எனக் காட்டிற்று. இதனைக் கொண்டு, முன்னோர் கண் நீலத்தைக் காணவில்லை என முடிபு கூறுவார் சிலர் உளர். அது மிகை. பெயர் பிரியாமை கண்ணின் குறையன்று. பெயரைப் பிரிக்க வேண்டிய தேவை எழாமையே.

அத்தேவை எழுந்தது சாயத் தொழிலில். அத்தொழிலின் முதற்பொருள் அவுரி. இதனை நீலி எனவும் வழங்குவர். மலையாளத்தில் அமரி, நீலயமரி என்பன இதன் பெயர்கள். தெலுங்கிலும் அவிரி என்னும் வழக்கு உண்டு. வகரமும் மகரமும் தம்முள் மயங்குதல் திராவிட மொழிகளில் காணப்படுவதே. ஆகவே, நீலி என்பது நிறத்தாற் பெற்ற பெயராயிருக்க, அவுரி என்பது இந்நிலத்துச் செடிப்பெயராய் வேறு நின்றது எனக் கொள்ளலாம். ஐரோப்பியரோ இதனைப் பிறந்த நாட்டாற் பெயரிட்டனர். இண்டிகோ என்னும் சொல்லின் பொருள் 'இந்தியப் பொருள்' என்பதே. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய எரித்திரையக் கடற்செலவு நூல், சிந்து ஆற்று முகத்திலிருந்த பார்பரிக்கோன் துறையிலிருந்து ஏற்றுமதியான பொருள்களுள் 'இந்தியக் கருமை' என ஒன்றைக் கூறுகின்றது. அறிஞர் பலர் அதனை அவுரி நீலம் எனக் கொள்வர். நீலத்தைக் கருமை என்றது நம் நாட்டு வழக்கு மட்டுமன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

அவுரி இலையில் நீலம் நீலமாக இல்லை. நிறமற்ற ஒரு பொருளாக அது இலையுள் மறைந்துள்ளது. இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, வடித்த நீரை நெடும்பொழுது அடித்துக் கலக்குவர். காற்று உட்புகப் புகப் பசுமஞ்சள் நீர் நீலமாகும். அடியில் படியும் வண்டலை வடிகட்டிக் காய்ச்சி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து உலர்த்துவர். வண்டல் விரைந்து படிதற்குச் சுண்ணாம்பு நீர் சேர்த்தலும் உண்டு. வங்காளத்திலும் பீகாரிலும் பச்சை இலையையே ஊறவைத்தனர். பச்சை இலை அறுத்த அன்றே தொட்டியை அடைதல் வேண்டும். எனவே தொட்டி உடையவனுக்கு உழவன் அடங்கி நடத்தல் வேண்டியதாயிற்று. அந்த அடிமைத்தனமே 1859இல் வங்காள உழவரின் கிளர்ச்சிக்கும், 1860இல் தீனபந்து மித்திரரின் நீலதர்ப்பண நாடகத்துக்கும், 1917இல் காந்தியடிகளின் சம்பாரண் முயற்சிக்கும் நிலைக்களமாயிற்று. சென்னை மாகாணத்திலோ உலர்ந்த இலையைக் கொண்டு நீலம் எடுக்கும் முறையும் வழங்கிற்று. உலர்ந்த இலையைச் சேமித்து வைக்கலாம். வண்டியேற்றித் தொலைவுக்கும் அனுப்பலாம். இலையின் ஈரம் ஒரு நாட்டின் உழவர் வரலாற்றையே மாற்றவல்லது என்பதை நம் வரலாற்று நூலார் இன்னும் போதிய அளவு எடுத்துக் கூறவில்லை என்பது எம் கருத்து.

சோழமண்டலக் கரையின் நீலத்துணி கடல் கடந்து சென்றது. புதுச்சேரியிலிருந்து சென்ற நீலச்சாயத் துணியை மேற்கு ஆப்பிரிக்கச் செனகல் நாட்டார், பணத்துக்கு ஈடாகவும் ஏற்றுக்கொண்டனர். இவ்வணிகம் இருந்த நிலையில், செருமானிய வேதியியலறிஞர் அடால்ப் பான் பேயர் 1878 முதல் அவுரி நீலத்தைச் செயற்கையாக ஆக்க முயன்று வென்றார். 1883இல் அதன் அமைப்பைத் தெளிவாக்கினார். ஆலையளவில் ஆக்குதற்கு மேலும் பல ஆண்டு சென்றது. பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் மார்க் செலவிட்டு, 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இருபது ஆண்டுக்குள் இந்திய அவுரி வேளாண்மை சாய்ந்தது. முதல் உலகப்போரில் செருமானியச் சரக்கு நின்றபோது சிறிது தலையெடுத்துப் பின் மீண்டும் வீழ்ந்தது. இன்று விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் அது பயிராகின்றது. அரபியரின் அந்நீல் என்னும் சொல்லினின்று அனிலீன் என்னும் வேதியியற் பெயர் பிறந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவுரியை வடித்துப் பெற்ற பொருளுக்கு இட்ட அப்பெயரே, பின்னர் அவுரியை வீழ்த்திய சாயத்தொழிலுக்குக் குடிப்பெயராயிற்று.

சாத்தூர்ப் பகுதிக்கு வருவோம். இங்கு ஒருவர் நாட்டு மருந்துக் கடையில் அவுரி எனக் கேட்டால், கடைக்காரர் எதனை எடுத்துத் தருவார்? தென்மாவட்டக் கரிசலிலும் செம்மண்ணிலும் உழவர் அவுரி எனப் பயிரிட்டு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதிக்கு அனுப்புவது பேதி மருந்தாகும் இலை. நூல்களில் அதன் பெயர் நிலாவிரை, நிலவாகை என்பன. உலக மருந்துச் சந்தையில் அது திருநெல்வேலிச் சென்னா என வழங்கும். சாத்தூர் திருநெல்வேலியோடு இருந்த காலத்துப் பெயர் இன்றும் மூட்டைகளில் நிற்கின்றது. நீலம் தரும் அவுரியும், மலம் இளக்கும் அவுரியும் இரண்டும் பயற்றினச் செடிகளே. இரண்டின் இலையும் சிற்றிலைகளாகப் பிரிந்தன. நீல வேளாண்மை மறைந்து சென்னா வேளாண்மை நிலைத்த வட்டாரங்களில், பெயர் மட்டும் ஆளின்றி நின்று அடுத்த செடியைப் பற்றிக்கொண்டது எனக் கருதலாம். ஆவிரை, நிலாவிரை, அவிரி என்னும் ஒலியொப்புமையும் அதற்குத் துணை செய்திருக்கும். இது துணிபன்று, ஆயினும் ஏற்றற்குரிய கருத்தென்றே யாம் எண்ணுகின்றோம்.

இம்மயக்கம் ஏட்டளவில் நின்றால் கேடில்லை. சென்னாப் பொடியைச் சவர்க்காரத்திற் கலந்தால் பழுப்பு நிறமே எஞ்சும். நீலத்தின் நிழலும் தோன்றாது. தலைமயிருக்கு மருதோன்றியோடு பூசுதற்கென விற்கும் நீல அவுரி இலைப்பொடியைக் கலந்தாலும் முழுநீலம் வாராது. இலையின் பசுமையும் பிறவும் உடன் சேர்தலால் பச்சையும் பழுப்பும் கலந்த நிறமே வரும். வேண்டுவது, இலையினின்று பிரித்தெடுத்த நீலக்கட்டியின் நுண்பொடி. அதுவே காரத்துக்கு அஞ்சாது. அது நீரிற் கரையாத் துகளாதலின் சவர்க்காரத்துள் மிதந்து நிற்கும். சற்றே சாம்பல் சாயலுடைய ஆழ்ந்த நீலம் தரும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றிரண்டு கிராமே போதும். மிகின் நுரையும் நீலமாகும். துவாலையிலும் கறை ஏறும். இலை, இலைப்பொடி, கட்டி என்னும் மூன்றும் அவுரி என்னும் ஒரே பெயரால் வழங்க, நான்காவதாக வேறொரு செடியும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் செருவிளை, கருவிளை என இரு பூக்கள் அடுத்தடுத்து வருகின்றன. முன்னதை வெண்காக்கணம் எனவும் பின்னதைக் கருங்காக்கணம் எனவும் கொள்வர். பின்னதே சங்குப்பூ என நாம் அழைக்கும் நீலப்பூ. மலேசியாவில் இப்பூவின் சாற்றால் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீலமூட்டுவர். அங்குள்ள தமிழரும் அதனை நன்கு அறிவர். சோற்றில் நிற்கும் அந்நீலம் சவர்க்காரத்தில் நில்லாது. அதன் சாறு புளிப்பில் செவ்வூதாவாகும், நடுநிலையில் நீலமாகும், காரத்தில் முதலிற் பச்சையாகிப் பின் மஞ்சளாகிக் கெடும். முற்றி ஆறிய நற்சவர்க்காரத்தின் காரநிலையும் 9க்கும் 10க்கும் அணித்தாகவே நிற்கும். செய்யுங்கால் அது மிகக் கடிது. சங்குப்பூவை இட்டுச் செய்த கட்டி சில நாளில் மங்கிய மண்ணிறமாதல் இதனாலேயாம். செய்தவர் தம் கைத்திறத்தை நொந்துகொள்வர். குற்றம் கையிலன்று, பூவில்.

சிவகாசியை அடுத்து வாழ்வோர்க்கு மற்றொரு நீலம் கண்ணெதிரே உண்டு. 1920களில் தீப்பெட்டித் தொழிலிற் காலூன்றிப் பின் பட்டாசுக்கும் அச்சுக்கும் விரிந்த அவ்வூரில், வாணத்துக்கு நீலம் ஊட்டுவது செப்பின் சேர்மங்கள். வாண நிறங்களுள் அரிதினும் அரிது நீலமே. சுடர் மிகச் சூடேறின் நீலம் தரும் செப்புச் சேர்மம் சிதைந்து நிறம் வெளிறும். ஈண்டு நாம் கருதுவது பெயர் பற்றிய ஒன்று. நீலச் சுடர் தரும் சரக்கு கையில் நீலமாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. செப்பின் கார்பனேட்டு பச்சை, ஆக்சைடு கருமை. நீலச் சரக்கு என வணிகர் கூறுவது எரியும்போது தோன்றும் நிறத்தை நோக்கியே. கையிலேயே நீலமாகத் தோன்றும் செப்புப் பொருள் மயில்துத்தம். சித்த மருத்துவ நூலார் இதனைத் துருசு என்பர். அழகிய நிறம், விலையும் எளிது. ஆயினும், அது நஞ்சு. தோலை உறுத்தும், கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு. செப்பு சிறிதளவே சேரினும் எண்ணெய் விரைவிற் கெட்டு நாற்றமடிக்கும். சவர்க்காரக் கட்டியில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றும். வாணச் சரக்கும் துருசும் சவர்க்காரத்தை அணுகவே கூடாதவை. அச்சகங்களில் உள்ள நீலமையோ தாலோசயனின் என்னும் நிறமியாலாயது. அதன் மூலப்பொருளை 1928இல் ஸ்காட்லாந்து நாட்டு ஆலை ஒன்றில் தற்செயலாகக் கண்டனர். அது காரத்துக்கு அசையாது. ஆயினும் அச்சுமையில் உலர்த்திகளும் மெருகெண்ணெய்களும் கலந்திருத்தலின், மையை எடுத்துச் சவர்க்காரத்திற் கலத்தல் தகாது.

எஞ்சியது வண்ணார் நீலம். வெள்ளாவி வைத்து வெளுத்த துணியும் நாளடைவில் மஞ்சட் சாயல் கொள்ளும். அதனை மறைக்க இறுதியலசலில் நீலம் போடுவர். முற்காலத்தில் இதற்கும் அவுரி நீலம் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விடத்தை அல்ட்ராமரீன் என்னும் நீலப்பொடி பற்றியது. அப்பெயரின் பொருள் 'கடலுக்கு அப்பாலது' என்பது. ஆப்கானிய நாட்டுப் படக்சான் மலையில் வெட்டியெடுத்த லாஜவர்தக் கல்லை அரைத்து ஐரோப்பிய ஓவியர் பயன்படுத்தினர். அது பொன்னோடு ஒத்த விலையுடையது. 1824இல் பிரெஞ்சு நாட்டுத் தொழில் ஊக்கச் சங்கம், அதனைச் செயற்கையாக ஆக்குவார்க்கு 6,000 பிராங்கு பரிசு அறிவித்தது. 1828இல் கிமே என்பார் அதனைப் பெற்றார். வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைக் கூட்டிச் சூளையிலிட்டு அதனைச் செய்வர். கந்தகமும் கரியும் சிவகாசியார்க்குப் புதியனவல்ல. வெடிக்கும் அவையே, வெள்ளைக்கும் அவையே. இப்பொடி நம் நாட்டுக்கு வந்தபோது புதுப்பெயர் பெறவில்லை. அவுரிக்குரிய நீலம் என்னும் பெயரையே ஏற்றுக்கொண்டது. பின்னர்ப் பொடிக்குப் பதிலாகச் சொட்டு நீலம் வந்தது. அது நீரிற் கரையும் செயற்கைச் சாயம். முன்னிரண்டினின்றும் முற்றிலும் வேறு. பாட்டிக்கும் தாய்க்கும் மகளுக்கும் 'நீலம் போடுதல்' ஒரே வினை. மூவரும் போட்ட பொருள் மூன்று.

அல்ட்ராமரீனுக்குப் புளிப்பு பகை. ஓர் எலுமிச்சைத் துளி பட்டாலும் நிறம் கெட்டு முட்டை நாற்றம் எழும். காரமோ அதற்கு நட்பு. சவர்க்காரத்தில் அது தெளிந்த நீலமாக நிலைக்கும். இதற்கு முற்றிலும் மாறானது பிரஷ்ய நீலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் தோன்றிய அந்நிறமி, காரநீர் பட்டவுடன் இரும்புக் கறைபோற் பழுப்பாகும். ஐரோப்பாவில் நீலவரி ஓடிய சவர்க்காரம் ஒருகாலத்தில் மதிப்புப் பெற்றிருந்தது. அந்த வரி, இரும்பும் கந்தகமும் கலந்த கச்சாச் சோடாவால் தானே விழுந்தது. நீர் மிகுதியாகக் கலந்த கட்டியில் நிறத்துகள் அடியில் படிந்துவிடும், வரி விழாது. ஆகவே நீலவரி, கலப்படமின்மைக்கு அடையாளம் எனக் கொள்ளப்பட்டது. பின்னர் வந்தோர் அல்ட்ராமரீனைக் கலந்து அவ்வரியைப் போலியாகவும் ஆக்கினர். நம் நாட்டில் 1969இல் வந்த ரின் கட்டியின் நீலமும், வண்ணார் நீலத்தால் வெண்மை வரும் என்னும் பழைய நம்பிக்கையின் மேலேயே நின்றது என்று கருதுதல் தவறாகாது.

நிறமியைத் தேர்ந்தபின் எண்ணெயையும் நோக்குதல் வேண்டும். நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் மஞ்சளும் பழுப்பும் உடையன. அவற்றோடு நீலம் சேரின் பச்சையாகும். வெண்ணிறக் கட்டி தருவது தேங்காயெண்ணெய். அதன் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். எண்ணெய் சிறிது மிஞ்சி நிற்கச் சற்றுக் குறைத்தே இடுவர். சாத்தூரார்க்கு எளிதிற் கிடைப்பது நல்லெண்ணெய் ஆயினும், நீலத்துக்கு அதனை நம்புதல் ஆகாது. துணிக்குரிய நீலப்பொடியை உடலுக்குரிய சவர்க்காரத்தில் இடுதலும் ஆகாது. இரண்டும் அல்ட்ராமரீனே என்பது உண்மை, தூய்மையளவு வேறு. விற்பனைக்குரிய ஒப்பனைப் பொருள்களின் நிறமியில் ஈயம் பத்து இலட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்செனிக் 2 பங்குக்கும் மேற்படலாகாது என இந்தியச் சட்டம் வரையறுத்துள்ளது. எந்நிறமிகள் ஏற்புடையன என்பதை இந்தியத் தரக் கழகத்தின் 4707ஆம் எண் வரையறை கூறுகின்றது.

பெயர்மயக்கத்தைத் தவிர்க்க வேதியியலார் எண்களை வழங்குகின்றனர். செடியினின்று எடுத்த நீலத்துக்கு 75780, ஆலையில் ஆக்கிய அதே நீலத்துக்கு 73000, அல்ட்ராமரீனுக்கு 77007. தொல்காப்பியரும் நிகண்டாசிரியரும் பெயரால் செய்ததை இவர் எண்ணால் செய்கின்றனர். எண் அச்சிடாத பொட்டணத்தை வாங்க நேர்ந்தால், அவுரி எது என இலையைக் கொண்டே அறியலாம். சென்னாவின் சிற்றிலை ஈட்டிபோல் நுனி கூர்ந்தது; உலர்ந்தபின் மஞ்சள் சார்ந்த பச்சை. நீல அவுரியின் சிற்றிலை நுனி மழுங்கி அகன்றது. உலர்ந்தபின் கருநீலம் பாயும். பொடியாயின், வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சிறிதுபொழுது காற்றாட வைத்தால், நீல அவுரியின் மேற்பரப்பில் நீலச்சாயல் படரும். சென்னாவின் குழம்பு பழுப்பாகவே இருக்கும்.